நிழலில் தொடங்கும் பாடம்: ஓவியப் பாடம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஓவியக் கலை வரலாற்றைத் தமிழில் பாடமாக எழுதுவோருக்கும், அதை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

இம்ப்ரெஷனிசம் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவிய இயக்கம் என்றால் என்ன என்று கேட்டால் மாணவர்கள் ஒப்பிக்கும் விடை ஏறக்குறைய ஒன்றுதான்: மங்கலாக, அவசர அவசரமாக, புள்ளி புள்ளியாக வரைவது, கறுப்பைத் தொடவே கூடாது. இதை நம்பித் தூரிகை எடுக்கும் பிள்ளை வெறும் சேற்று நிறத்தில்தான் போய் முடிகிறது. இந்த விடையைப் பாடத்திலிருந்து நீக்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

புள்ளி வைத்துப் படத்தைக் கட்டுவது செரா என்ற பிந்தைய ஓவியரின் முறை. அவருடைய 'லா கிராண்ட் ஜாத்' 1886இல் நடந்த இம்ப்ரெஷனிஸ்டுகளின் எட்டாவது, கடைசிக் கண்காட்சியில்தான் வந்தது. இயக்கத்தைத் தொடங்கிய மோனே, பிசாரோ, சிஸ்லே ஆகியோர் 1870களில் செய்தது வேறு: தண்ணீருக்குக் கிடையான பட்டை, இலைக்குச் சின்னத் தீற்றல், வானத்துக்கு மெல்லிய பூச்சு எனப் பொருளுக்கேற்றபடி தூரிகையின் போக்கை மாற்றினார்கள். உலோகப் பூண் போட்ட தட்டைத் தூரிகை இதற்குக் கைகொடுத்தது.

கறுப்பு விஷயமும் அப்படித்தான். 1874இல் நடந்த முதல் கண்காட்சியிலேயே ரெனுவார் வைத்த 'லா லோஜ்' படத்தில் பெண்ணின் உடைப் பட்டைகள் நல்ல கறுப்பு. மோனே பிறகு கறுப்பைக் கைவிட்டார் என்பது சரி. 1877இல் அவர் வரைந்த சான் லசார் ரயில் நிலையப் படங்களில் ஒன்றை லண்டன் நேஷனல் கேலரி ஆராய்ந்தபோது, அந்தப் புகையும் இருட்டும் பெரும்பாலும் கோபால்ட் நீலம், விரிடியன் பச்சை, வெர்மிலியன் என்ற செந்நிறம், கருஞ்சிவப்பு போன்ற பளிச் நிறங்களின் கலவை என்று தெரிந்தது. இருட்டையும் நிறமாகப் பார்த்தார்கள் என்பதே மாணவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

தோற்றக் கதையைச் சொல்லும்போது, இயக்கத்துக்குப் பெயர் வரக் காரணமான விமர்சகர் லெருவாவின் கேலிக் கட்டுரையோடு நிறுத்திவிடாதீர்கள். அது வந்தது 1874 ஏப்ரல் 25. அதற்கு 33 ஆண்டுகள் முன்பே, 1841இல், ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கி எடுக்கும் தகர டியூபுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். அதுவரை அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்து, ஊசியால் குத்திப் பிழிந்தார்கள். ஒருமுறை குத்தினால் முழுதாக மூட முடியாது, உள்ளே காய்ந்துவிடும். டியூப் வந்தபின் பத்து நிறங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ரயிலேறி, பாரிஸுக்கு அருகே ஆர்ஜன்தை என்ற ஊரில் இறங்க முடிந்தது. கூடவே வேதியியல் கூடங்களிலிருந்து புது நிறமிகள் வந்தன: 1802இல் கோபால்ட் நீலம், 1820களின் இறுதியில் செயற்கை அல்ட்ராமரைன் நீலம், 1859இல் விரிடியனுக்குக் காப்புரிமை. 1839இல் வேதியியலாளர் செவ்ருல் எழுதிய நூல், பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரு நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று விளக்கியது. இவற்றோடு, பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனின் நடுவர் குழு இவர்கள் படங்களைத் தொடர்ந்து தள்ளுபடி செய்ததும் சேர்ந்துகொண்டது. 1873 டிசம்பரில் ஓவியர்கள் தாங்களே ஒரு சங்கம் அமைத்து, அடுத்த ஆண்டு நாடார் என்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞரின் பழைய ஸ்டுடியோவில் கண்காட்சி வைத்தார்கள். நுழைவுக் கட்டணம் ஒரு ஃபிராங்க்.

அவசரம் என்ற பேச்சையும் விட்டுவிடலாம். மோனேயின் ருவான் தேவாலய வரிசையில் முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள். 1892லும் 1893லும் நேரில் பார்த்துத் தொடங்கி, ஜிவெர்னியில் இருந்த தம் ஸ்டுடியோவில் மாதக்கணக்கில் அடுக்கு மேல் அடுக்காகத் திருத்தி, 1894 என்று தேதியிட்டார் மோனே.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? நிழலிலிருந்து. மோனேயின் 'லா பீ' (1868–69) படத்தைப் பாருங்கள். வெயில் படும் பனி இளமஞ்சள், வேலியின் நிழல் நீலம். 1869 சலோன் இதைத் தள்ளியது. வெயில் மறைந்த இடத்தில் வான வெளிச்சம் மட்டும் விழுவதால் அந்த நீலம் உண்மையிலேயே அங்கே இருக்கிறது. இதைப் பனியில்லாமலே வகுப்பில் காட்டலாம். தெளிந்த வானமுள்ள காலையில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் மடிப்பு விழும்படி போடுங்கள். 30 × 40 செ.மீ. கான்வாஸுக்கு இளஞ்சாம்பல் அடிப்பூச்சு கொடுங்கள். 1905இல் மோனே தம் பேலட் (வண்ணத் தட்டு) என்று எழுதிய ஆறு நிறங்களே போதும்: வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன், கருஞ்சிவப்பு, கோபால்ட் நீலம், விரிடியன். அசல் வெர்மிலியன் பாதரசச் சேர்மம், அவர் பயன்படுத்திய வெள்ளை ஈயச் சேர்மம்; இரண்டும் நஞ்சு. இரண்டுக்கும் இன்றைய மாற்றுகளையே வாங்குங்கள்.

விளிம்புக்கோடு போடாமல் நிழல் திட்டுகளை முதலில் வைக்கச் சொல்லுங்கள், வெயில் பகுதி பிறகு. ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்திவிட வேண்டும், அதற்குள் நிழல் நகர்ந்திருக்கும். வண்ணம் சேறாவதற்குக் காரணம் இரண்டு: வெள்ளையைத் தவிர இரண்டுக்கு மேல் நிறம் கலப்பது, தூரிகையைத் துடைக்காமல் ஈரத்தின் மேல் ஈரமாக மறுபடி மறுபடி தேய்ப்பது. அப்படி ஆனால் மேலே பூசாமல் பேலட் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு ஒரே தீற்றலாக வைக்க வேண்டும். அக்ரிலிக் என்றால் நிமிடங்களில் காய்ந்துவிடும், காய்ந்தபின் சற்றுக் கருக்கும். ஆகவே உள்ளங்கை அளவுப் பகுதியை முடித்தபின் அடுத்ததற்குப் போகட்டும்.

இன்னொரு பயிற்சிக்குச் செலவே இல்லை. மோனேயின் 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' படத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அந்த ஆரஞ்சுச் சூரியன் கிட்டத்தட்ட மறைந்துவிடும். சுற்றியுள்ள சாம்பல் வானத்தின் வெளிச்ச அளவும் சூரியனின் அளவும் ஏறக்குறைய ஒன்று. அது தகதகப்பது நிற வேறுபாட்டால் மட்டுமே. இதை ஒருமுறை கண்ணால் கண்ட மாணவருக்கு இம்ப்ரெஷனிசத்தின் வரையறையை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இருக்காது.

அடுத்த பதிப்பில் படங்களை அச்சிடும்போது ஒவ்வொன்றின் கீழும் அளவைப் போடுங்கள். 'சூரிய உதயம்' வெறும் 48 × 63 செ.மீ. என்று எத்தனை பேருக்குத் தெரியும்? முழுப்படத்தோடு, தூரிகைத் தடம் தெரியும்படி ஒரு மூலையைப் பெரிதாக்கியும் கொடுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம். பிசாரோ தம் படமொன்றின் பின்புறத்தில், இதற்குப் பளபளப்பூட்டும் வார்னிஷ் அடிக்காதீர்கள் என்று எழுதியே வைத்தார். தேர்வில் ஐந்து ஓவியர் பெயர் கேட்கும் கேள்விக்குப் பதிலாக, வேட்டி நிழலில் எந்தெந்த நிறங்களைக் கண்டாய், எப்படிக் கலந்தாய் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
எண்ணெய் வண்ண ஓவியம் தீட்டுவோரும் கற்பிப்போரும்