"சத்தம் உயிரைக் காக்கும்" என்று விற்கப்பட்ட சைலன்சர் பற்றிய புகார்

பெறுநர்:
முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

விடயம்: மோட்டார் சைக்கிள் சைலன்சரின் விலையைத் திருப்பித் தருதல், தவறான விளம்பர வசனத்தை நீக்குதல்

ஐயா / அம்மணி,

உங்கள் நிறுவனத்தின் முகநூல் விளம்பரத்தைப் பார்த்து, யாழ் நகரில் இருக்கும் உங்கள் முகவரின் கடையில் என்னுடைய பல்சர் 150 மோட்டார் சைக்கிளுக்குச் சத்தம் கூடிய ஒரு சைலன்சர் வாங்கிப் பூட்டினேன். விலை 28,500 ரூபா. பற்றுச்சீட்டின் பிரதியையும் படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். காசு திரும்ப வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிட, அந்த விளம்பரத்தில் இருக்கும் ஒரு வசனத்தை நீங்கள் எடுத்தே ஆகவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த வசனம் இது: "சத்தம் கூடினால் ஆபத்துக் குறையும், உயிர் தப்பும்." உங்கள் முகவரும் இதையேதான் சொன்னார். நான் ஒரு விற்பனைப் பிரதிநிதி. வேலை நாட்களில் சாவகச்சேரியிலிருந்து ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் வந்து போகிறேன், இடைக்கிடை கிளிநொச்சிக்கும் போகவேண்டும். போட்டிக்கு ஓடும் பஸ், குறுக்கே வரும் மாடு, சைகை போடாமல் திரும்பும் வான் எல்லாவற்றுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு. 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 இல் திரும்பத் தொடங்கும்வரை எங்களைப் போன்றவர்களுக்குக் கையில் இருந்த பைக்தான் கதியாக இருந்தது. அதைக் கவனமாகப் பார்த்துத்தான் ஓடுகிறோம். இந்தச் சைலன்சரை நான் பாதுகாப்புக்காக வாங்கினேன். வீட்டிலும் அதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன்.

கைதடிச் சந்திக்குக் கிட்ட எதிரே வந்த ஒரு வான், எனக்கு முன்னால் அப்படியே வலப்பக்கம் திரும்பியது. பிரேக்கை இறுக்கி, பின் சில்லு இழுபட்டு, வானின் கதவுக்கு ஒரு முழம் இருக்க நின்றேன். அவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டு வந்த பைக் எப்படிக் கேட்காமல் போனது என்று சாரதியிடம் கேட்டேன். பாவம், அவருக்கும் கை நடுங்கியது. "தம்பி, கண்ணாடி பூட்டி, ஏசி போட்டு, பாட்டும் போட்டிருந்தனான். சத்தியமா ஒண்டும் கேக்கேல்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன். சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கிறது. சத்தத்தின் பெரும்பங்கு பின்னுக்குத்தான் போகிறது. ஆபத்து வருவதோ முன்னுக்கிருந்து. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் என்பவரின் குழு லொஸ் ஏஞ்சலஸில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981 இல் அறிக்கை வெளியிட்டது. விபத்துக்குக் காரணமான ஆபத்துகளில் முக்கால்வாசிக்கு மேல், ஓட்டுபவருக்கு நேர் முன்னே, இரு பக்கமும் 45 பாகைக்குள் இருந்தவை என்று அதில் இருக்கிறது. அதாவது எங்களை அடிக்கப்போகும் வாகனம் பெரும்பாலும் எங்கள் கண்ணுக்கு முன்னால்தான் நிற்கிறது. அந்தச் சாரதிக்குத் தேவை எங்களைக் காண்பது. பகலில் ஹெட்லைற்றைப் போட்டு ஓடுவதும், மஞ்சள், செம்மஞ்சள் போன்ற பளிச்சென்ற மேலாடை போடுவதும் விபத்தைக் குறைக்கின்றன என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. ஒரு மஞ்சள் மேலங்கி என்ன விலை, உங்கள் சைலன்சர் என்ன விலை? இந்தத் தொழிலில் இருக்கும் நீங்கள் இதை அறியாமல் இருக்க முடியாது.

பாதுகாப்பு கூடவில்லை என்பதோடு விட்டாலும் பரவாயில்லை, குறைந்தே போனது. நாவற்குழிப் பாலத்தடியில் பின்னால் வந்த பஸ் கோர்ன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. அது பக்கத்தில் உரசிக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது. வீடு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினால் காதுக்குள் ஒரு ரீங்காரம் நிற்கிறது. இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு அளவு வைத்திருக்கிறது: 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணித்தியாலம், அதற்கு மேல் 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகக் குறையவேண்டும். அப்படிக் கணக்குப் பார்த்தால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் வர அதைவிடக் கூட நேரம் எடுக்கும். உங்கள் பெட்டியிலோ விளம்பரத்திலோ எத்தனை டெசிபல் என்று ஒரு இடத்திலும் போடவில்லை. அதைப் போடாமல் ஒருவர் எப்படி யோசித்து வாங்குவது?

சத்தத்தின் தரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எனக்குப் பைக்கின் சத்தம் பிடிக்கும். சின்ன வயதில் தெரு முனையில் வரும்போதே யாருடைய பைக் என்று சொல்லிவிடுவோம். நல்ல எஞ்சினின் தாழ்ந்த, நிதானமான துடிப்பு ஒரு அழகுதான், அதை ரசிப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நீங்கள் விளம்பரத்தில் "ஹார்லி சத்தம்" என்று போட்டிருக்கிறீர்கள். ஹார்லியின் எஞ்சினில் 45 பாகைக் கோணத்தில் இரண்டு சிலிண்டர்கள், இரண்டுக்கும் எஞ்சினின் சுழலும் தண்டில் ஒரே கிராங் முள். அதனால் அந்தத் தண்டு 315 பாகை சுற்றியதும் ஒரு வெடிப்பு, பிறகு 405 பாகை சுற்றியதும் மற்றது என்று ஒழுங்கில்லாத இடைவெளியில் வெடிக்கிறது. அந்தத் தாளம் அங்கேயிருந்துதான் வருகிறது. அந்தச் சத்தத்துக்கே வணிகக்குறி கேட்டு அந்த நிறுவனம் 1994 இல் விண்ணப்பித்தது, 2000 இல் அதைக் கைவிட்டது. என் பைக்கில் இருப்பது ஒரேயொரு சிலிண்டர், 720 பாகைக்கு ஒரு வெடிப்பு. எந்தக் குழாயைப் பூட்டினாலும் அதில் ஹார்லியின் தாளம் வராது. எனக்கு வந்தது தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு உலுப்பிய சத்தம்.

அடுத்தது, அக்சிலரேட்டரை விட்டதும் வரும் அந்த "பட் பட்" வெடி. அதை நீங்கள் ஒரு சிறப்பாகவே விளம்பரப்படுத்தியிருக்கிறீர்கள். பெற்றோலையும் காற்றையும் காபரேட்டர் கலந்து கொடுக்கும் பைக்கில் சைலன்சரைத் திறந்து விட்டால் எரிகலவையில் பெற்றோல் போதாமல் போகும். எஞ்சினிலிருந்து வரும் பென்ட் பைப் சேரும் இடத்திலும் காற்று இழுத்தால், எரியாத மிச்சம் குழாய்க்குள் போய்ப் பற்றி வெடிக்கும். ஒவ்வொரு வெடியும் கலவை சரியில்லை என்பதற்கு அடையாளம்.

ஆனால் நான் சொல்ல வந்தது எஞ்சினைப் பற்றி இல்லை. எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீட்டில் ஒரு வயதான அம்மா இருக்கிறா. போர்க் காலம் முழுவதும் இங்கேயும் வன்னியிலுமாக இருந்து, பங்கருக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு படுத்தவ. நான் இரவு வேலை முடிந்து வந்து ஒழுங்கைக்குள் திரும்பும்போது அந்த வெடி கேட்டு, குந்தில் இருந்த மனுசி எழும்பி உள்ளே ஓடினதை என் கண்ணால் கண்டேன். கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை முற்றத்தில் கிடந்தது. 2009 உடன் போர் முடிந்தது, ஆனால் இந்த மண்ணில் வெடிச் சத்தம் வெறும் சத்தம் இல்லை. அடுத்த நாளிலிருந்து எஞ்சினை நிற்பாட்டி, ஒழுங்கை முகப்பிலிருந்து பைக்கை உருட்டிக்கொண்டுதான் போனேன். யாழ்ப்பாணத்தில் பொருள் விற்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு விற்கவேண்டும். போதனா வைத்தியசாலையைச் சுற்றியுள்ள தெருக்களால் வரும் பொடியன்கள் பலர் இதே மாதிரி வெடியோடுதான் போகிறார்கள். உள்ளே படுத்திருப்பவர்களை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

சரி, பொருளின் குறைக்கு வருகிறேன். "ஸ்டெயின்லெஸ், துருப்பிடிக்காது" என்று சொன்னீர்கள். சைலன்சரைப் பைக்கோடு பூட்டும் தாங்கியை ஒட்டிய வெல்டிங் ஓரத்தில் மாரி முடிய முன்னமே செம்பழுப்பாகத் துரு ஏறிவிட்டது. கடற்காற்று உள்ள ஊருக்கு விற்கும் பொருள் இப்படி இருக்கக்கூடாது. உள்ளே இருக்கும் ஓட்டைக் குழாயைச் சுற்றி வைத்த கண்ணாடிப் பஞ்சு கருகி, இழை இழையாகப் பின்வாயால் வந்து நம்பர் பிளேட்டில் ஒட்டிக்கொள்கிறது (படம் 3). பஞ்சு போகப்போகச் சத்தம் இன்னும் கூடுகிறது. மெக்கானிக் பிளக்கைக் கழற்றிக் காட்டினார், முனை சுண்ணாம்பு போல வெள்ளை, கலவையில் பெற்றோல் போதவில்லை என்பதற்கு அடையாளம். காபரேட்டருக்குள் பெற்றோல் எவ்வளவு போகவேண்டும் என்று அளக்கும் மெயின் ஜெற்றை மாற்றாமல் ஓடினால் எஞ்சின் சூடேறிக் கெடும் என்றார். இதைப் பற்றி உங்கள் கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்து வீதம் வலு கூடும் என்றீர்கள்; பொருட்கள் கட்டிய பையோடு இரண்டாம் கியரில் இழுவை முன்பிருந்ததைவிடக் குறைவு, பெற்றோலும் கூடக் குடிக்கிறது.

கடைசியாகப் பொலிஸ். "இது அனுமதி உள்ளது, பிடிக்கமாட்டார்கள்" என்று உங்கள் முகவர் சொன்னார். ஆரியகுளம் சந்தியில் மறித்தார்கள், கழற்றச் சொன்னார்கள். 2025 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் இந்த மாதிரி மாற்றம் செய்த வாகனங்களைப் பிடிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாத விடயம் இல்லை. அனுமதிச் சான்றிதழ் கேட்டு உங்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்ததற்கு நீலக் குறி விழுந்திருக்கிறது, பதில் இல்லை.

ஆகவே நான் கேட்பது: 28,500 ரூபாவையும் முழுமையாகத் திருப்பித் தாருங்கள். மாற்றுப் பொருளோ, கழிவுச் சீட்டோ வேண்டாம். "உயிர் தப்பும்" என்ற வசனத்தை விளம்பரத்திலிருந்தும் பெட்டியிலிருந்தும் எடுங்கள். அதை நம்பி வாங்குபவர் பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளையாகத்தான் இருப்பார். சத்தம் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் வேகத்தைக் கூட்டுவார். இனி விற்கும் ஒவ்வொன்றிலும் எத்தனை டெசிபல், எந்த ஜெற் போடவேண்டும், வீதியில் ஓட அனுமதி உண்டா இல்லையா என்பதைத் தமிழிலும் அச்சிடுங்கள்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், தவறான தகவல் சொல்லி விற்றது என்று அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுப்பேன். அதற்கான பிரதிகளும் தயாராக உள்ளன.

சைலன்சரைக் கழற்றி, அதே பெட்டியில், பூட்டாணிகளோடு வைத்திருக்கிறேன். பைக்கில் இப்போது பழைய கொம்பனிச் சைலன்சர்தான் இருக்கிறது. உங்கள் முகவர் வேலை நாட்களில் மாலை ஐந்து மணிக்குப் பிறகு வந்து பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். வரும்போது பணத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சாவகச்சேரி.

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, படங்கள், விளம்பரத்தின் பிரதி