சித்தப்பாவுக்கு, ஆர்பக்கிள் படம் பற்றி

சித்தப்பா,

நாளை உங்கள் தலைத்திவசம். 'தி புச்சர் பாய்' பற்றி எழுதடா எழுதடா என்பீர்கள். இன்றுதான் உட்கார்ந்தேன்.

1917-இல் வந்த இரண்டு ரீல் ஊமைச் சிரிப்புப் படம், அமெரிக்க நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள் இயக்கி நடித்தது. பிற்பாதியில் அவர் பெண் வேடம் கட்டி விடுதிப் பள்ளிக்குள் நுழைவது எனக்கு இன்றும் சலிப்புதான், நீங்கள் கோபித்தாலும். ஆனால் அந்த மளிகைக்கடை! பின்னாளில் பெரிய சிரிப்பு நடிகரான பஸ்டர் கீட்டன், 21 வயதில், முதன்முதலாகத் திரைக்கு வருகிறார். வெல்லப்பாகு வாங்க வந்தவர் காசை வாளிக்குள் போட்டுவிடுகிறார். அது தெரியாமல் ஆர்பக்கிள் வாளியை நிரப்புகிறார். பிறகு காசைத் தேட, பாகைக் கீட்டனின் தொப்பியிலேயே கவிழ்க்கிறார். தொப்பி தலையில் ஒட்டுகிறது, கால் தரையில் ஒட்டுகிறது. வெந்நீர் ஊற்றி, உதைத்துத் தள்ளித்தான் ஆளை வெளியேற்ற முடிகிறது.

அன்று அந்த இடத்தில் படத்தை நிறுத்தினீர்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். துண்டால் துடைத்துக்கொண்டே, "படம் அவனோடது. சிரிப்பைப் புதுப்பையனுக்கு விட்டுக்கொடுத்துட்டு நிக்கறான் பாரு" என்றீர்கள். அதுவரை நான் கீட்டனின் அசையாத முகத்தை மட்டுமே பார்த்திருந்தேன். ஆர்பக்கிளைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது நீங்கள்.

அப்புறம் வழக்கைப் பற்றிச் சொன்னீர்கள். 1921-இல் வர்ஜீனியா ராப்பே என்ற நடிகை இறந்துபோனார், பழி ஆர்பக்கிள் மேல் விழுந்தது. அந்தச் சாவை மறந்துவிட்டு இதைப் பேசக்கூடாது. மூன்று விசாரணைகள். 1922 ஏப்ரலில் ஜூரி ஆர்பக்கிளை விடுவித்ததோடு, பெரும் அநீதி நடந்துவிட்டதென்று எழுதியும் கொடுத்தது. ஆறே நாளில் அவர் படங்களுக்குத் தடை. "விசாரிக்கறதுக்கு முன்னாடியே ஊர் தீர்ப்பு எழுதிடுச்சுடா" என்றபோது உங்கள் குரல் உடைந்தது.

அக்காவை யார் விசாரித்தார்கள் சித்தப்பா? வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினீர்களே. ஒரு வார்த்தை கேட்டீர்களா? சொந்தக்காரர்கள் இதைப் படிப்பார்கள். அவள் விஷயத்தை இதற்குமேல் இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

திவசத்துக்கு முதல்நாள் இப்படிக் கேட்பதற்கு மன்னியுங்கள். இருக்கும்போது கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பீர்கள், அப்புறம் என்னோடும் பேச்சிருக்காது. அதை என்னால் தாங்கியிருக்க முடியாது. எனக்குப் படம் பார்க்க வேறு யார் இருந்தார்கள்?

நாளைக்கு அக்காவை வரச் சொல்லியிருக்கிறேன். சித்திக்குச் சம்மதம். காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள்.