அப்பா பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் பத்து வருட டூரிஸ்ட் விசா எடுப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பேங்க் ஸ்டேட்மென்ட், வீட்டுப் பத்திரம், இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தீர்கள். ஆனால் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் முதலில் தடுக்கி விழும் இடம் அதில் இல்லை. அது பெயர். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் முப்பத்தெட்டு வருடமாக மும்பை செம்பூரில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஊரில் இருந்தவரை என் கணவருக்கு ஒரு பெயர், அதற்கு முன்னால் ஒரு இனிஷியல், அவ்வளவுதான். இங்கே வந்து ரேஷன் கார்டுக்கு எழுதிப் போட்டபோது கவுன்டரில், "ஆட்நாவ் காய்?" என்று கேட்டார்கள். மராட்டியர்களுக்குத் தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று உண்டு. அந்த மூன்றாவதுதான் ஆட்நாவ். இவர் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்க, வரிசையில் பின்னால் நின்ற யாரோ ஊர்ப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அன்று முதல் ரேஷன் கார்டில் எங்கள் ஊர்தான் எங்கள் குடும்பப் பெயர். பேங்க் புத்தகத்தில் இனிஷியலோடு ஒரு பெயர். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்பதால், தன் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து 'கிவன் நேம்' வரியில் உட்கார்ந்துகொண்டன. 'சர்நேம்' வரி காலி. மகளைப் பள்ளியில் சேர்த்தபோது இவர் பெயரே அவளுக்கு சர்நேம் ஆனது. ஒரே வீட்டில் இத்தனை விதம். மும்பையில் இருக்கும் தமிழர் வீடுகளில் அலமாரியைத் திறந்து பார்த்தால் பாதி வீடுகளில் இதே கதைதான் இருக்கும்.

2024இல் அமெரிக்காவில் மகளிடம் இருக்கும் பேத்தியைப் பார்க்கப் போகலாம் என்று விசாவுக்கு முயன்றோம். எங்களுக்கு ஆன்லைன் ஃபாரம் எல்லாம் பழக்கமில்லை, ஒரு ஏஜென்டிடம் கொடுத்தோம். அவர் ரேஷன் கார்டைப் பார்த்து ஊர்ப் பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டுவிட்டார். கைரேகையும் போட்டோவும் எடுக்கும் நாளில் பி.கே.சி. என்கிற பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் விசா மையத்துக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் எங்கள் தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுக் காட்டினார். "இதில் சர்நேமே இல்லை, அதில் எப்படி வந்தது?" என்று கேட்டார். டி.எஸ்.160 என்ற அந்த ஆன்லைன் விசா ஃபாரத்தைத் திரும்ப நிரப்பி, வேறு தேதி வாங்கி வரச் சொல்லிவிட்டார். அவர் மேல் குறையே சொல்ல மாட்டேன், பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் அடுத்த தேதி கிடைக்க நாலு மாதம் ஆனது. பேத்தி தவழ ஆரம்பித்ததை போனில்தான் பார்த்தோம்.

இரண்டாவது தடவை ஏஜென்டிடம் போகவில்லை. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனை உட்கார வைத்து, சாப்பாட்டு மேஜையில் நாங்களே நிரப்பினோம். இருபது நிமிடம் சும்மா விட்டால் அந்தப் பக்கம் மூடிக்கொள்ளும், அதனால் விண்ணப்ப எண்ணை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டோம். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு வழி இருக்கிறது. முழுப் பெயரையும் சர்நேம் கட்டத்தில் எழுதிவிட்டு, கிவன் நேம் கட்டத்தில் எஃப்.என்.யு. என்று போட வேண்டும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அதற்குக் கொஞ்சம் கீழே, தாய்மொழி எழுத்தில் முழுப் பெயர் எழுத ஒரு கட்டம் வரும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இவரே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தமிழில் அடித்தார். அந்த ஃபாரம் முழுவதிலும் இவர் பெயர் இவர் பெயராக இருந்தது அந்த ஒரு கட்டத்தில்தான்.

அன்று ராத்திரி இன்னொன்றும் தெரிந்தது. பழைய ஃபாரத்தின் பிரதியை ஒப்பிட்டுப் பார்த்தால், நெருங்கிய உறவினர் அமெரிக்காவில் இருக்கிறார்களா என்ற கேள்விக்கு ஏஜென்ட் 'இல்லை' என்று போட்டிருந்தார். போன் செய்து கேட்டேன். "மகள் அங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் தர மாட்டார்கள் அம்மா" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. மகளைப் பார்க்கத்தான் போகிறோம், மகளே இல்லை என்று எழுதினால் எப்படி? பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவானால் வாழ்நாள் முழுக்கத் தடை வரலாம். பெயர் தப்பாகி நாங்கள் திருப்பி அனுப்பப்பட்டதே நல்லதாகப் போயிற்று.

பெண்களுக்கு இன்னும் ஒரு சுற்று கூடுதல். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இனிஷியல், அப்புறம் கணவர் இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் வேறு. வேறு பெயரில் இருந்ததுண்டா என்று ஃபாரத்தில் கேட்பார்கள். நான் உண்டு என்று சொல்லிப் பழைய பெயரை எழுதிவிட்டேன். யாரும் அதற்காக ஒன்றும் கேட்கவில்லை.

இன்டர்வியூ ஐந்து நிமிடம்கூட இல்லை. மகள் என்ன வேலை பார்க்கிறாள், எத்தனை நாள் இருப்பீர்கள், இங்கே யார் இருக்கிறார்கள் என்று அதிகாரி இந்தியிலேயே கேட்டார். நாங்கள் தூக்கிக்கொண்டு போன ஃபைலைத் திறக்கச் சொல்லவில்லை. விசா வந்தது. இவர் விசாவில் எஃப்.என்.யு. என்று அச்சாகியிருந்ததைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் பயந்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை, அது வழக்கமான முறை. விமான டிக்கெட், மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எல்லாவற்றிலும் பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும், அதை மட்டும் கவனித்தால் போதும்.

முடிந்தால் விசாவுக்கு முன்னாலேயே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துவிடுவது நல்லது என்று இப்போது தோன்றுகிறது. முருகன், அப்பா பெயர் ஆறுமுகம் என்றால், கிவன் நேம் முருகன், சர்நேம் ஆறுமுகம். பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் ரீ-இஷ்யூவுக்கு மனு கொடுக்க வேண்டும், 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். விசா வந்த பிறகு பிரித்தால் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி ஆகிவிடும். அமெரிக்கா மட்டும் இல்லை. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது துபாய் போக இருந்த எத்தனையோ பேர் தவித்தார்கள். பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று அப்புறம்தான் விளக்கம் வந்தது.

உங்கள் கட்டுரையில் பத்து வருட விசா என்று பல இடங்களில் எழுதியிருந்தீர்கள். பத்து வருடம் என்பது போய்வருவதற்கான காலம், தங்குவதற்கானது இல்லை. ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் இருக்கலாம் என்று அங்கே இறங்கும் விமான நிலையத்தில்தான் முடிவு செய்வார்கள், வழக்கமாக ஆறு மாதம். ஐ-94 என்ற பதிவில் அந்தக் கடைசித் தேதி இருக்கும், இன்டர்நெட்டிலேயே பார்க்கலாம். தாண்டினால் விசாவே செல்லாமல் போகும். சேடா நகர் முருகன் கோயிலில் தெரிந்த ஒரு அம்மா, விசாதான் பத்து வருடம் இருக்கிறதே என்று எட்டு மாதத்துக்கு ரிட்டர்ன் டிக்கெட் போட்டு வைத்திருந்தார். நல்லவேளை, கிளம்பும் முன் பேச்சுவாக்கில் சொன்னார். கட்டணத்தையும் சொல்லியிருக்கலாம். ஒருவருக்கு 185 டாலர், விசா கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தமிழ்ப் பெயரை பாஸ்போர்ட்டிலும் விசா ஃபாரத்திலும் எப்படி எழுதுவது என்று ஒரே ஒரு பக்கம், பெரிய எழுத்தில், படத்தோடு போடுங்கள். எங்கள் வயதுக்காரர்கள் வெட்டிப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வோம்.

எதிர் வீட்டு மாமிக்கு 82 வயது. எண்பது தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு முன்பு இன்டர்வியூ இல்லாமலே விசா கிடைக்கும். 2025 செப்டம்பரிலிருந்து அவர்களும் நேரில் போக வேண்டியிருக்கிறது. மாமியின் பாஸ்போர்ட்டில் இருப்பது ஒரே ஒரு பெயர். அப்பா பெயரைச் சேர்ப்பதா, போய்ச் சேர்ந்த கணவர் பெயரைச் சேர்ப்பதா என்று ஒரு வாரமாக யோசித்தார். அப்பா பெயரே இருக்கட்டும் என்று நேற்றுச் சொன்னார். அடுத்த மாதம் அவரை லோயர் பரேல் பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்கு நான்தான் கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை