மெஷினோடு ஆளும் போக வேண்டும்

திருச்சிராப்பள்ளி,
6 ஜூலை 2025.

அன்புள்ள கமலா,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தங்கள் நெருக்கிக்கொண்டிருப்பதால் இன்றுதான் உட்கார்ந்து பதில் எழுத முடிகிறது. முழங்கால் வலி பழையபடியே இருக்கிறது; மாடிப்படி ஏறுவதை மட்டும் குறைத்துக்கொண்டேன். விடுதியில் நம் அறையில் இருந்த மங்கையை மே மாதத்தில் ஸ்ரீரங்கத்தில் ஒரு வரவேற்பில் பார்த்தேன். நான் பாப்கார்ன் கொட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பதை அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, 'நீதானா?' என்று கேட்டாள். வேறு செய்திகளைக் கடைசியில் எழுதுகிறேன். நீ முக்கியமாகக் கேட்டிருப்பது செந்திலைப் பற்றியது என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கத்தாரிலிருந்து திரும்பி வந்த பிள்ளை, கையிலிருக்கும் நான்கு லட்சத்தில் பாப்கார்ன் மெஷின், பஞ்சு மிட்டாய் மெஷின், பனிக்கட்டியைச் சீவிச் சாறு ஊற்றிக் கொடுக்கிற ஐஸ் கோலா மெஷின் எல்லாம் சேர்த்துப் பத்து வாங்கி, கும்பகோணத்தில் கல்யாணங்களுக்கும் பிறந்தநாள் விழாக்களுக்கும் வாடகைக்கு விட நினைக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். தொழில் கெட்ட தொழில் இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மூடிவிட்ட ஒரு திரையரங்கத்தின் தின்பண்டக் கடையிலிருந்து ஒரே ஒரு பழைய பாப்கார்ன் மெஷினை வாங்கித்தான் நானும் தம்பியும் இதில் இறங்கினோம் என்பது உனக்குத் தெரியும். ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. 'காலையில் மெஷினைக் கொடுத்துவிட்டு ராத்திரி திரும்ப வாங்கிக்கொண்டால் போதும், ஆள் தொல்லை கிடையாது' என்று அவன் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும் இருக்கும்.

அவன் போட்டிருக்கும் கணக்கு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் 2018 வரை நானும் அதையே போட்டுக்கொண்டிருந்தேன். இருநூறு பேர் வரும் வரவேற்புக்கு ஆளோடும் சரக்கோடும் பாப்கார்ன் போட்டுக் கொடுத்தால் நான் 3,500 ரூபாய் வாங்குகிறேன். அதில் நான்கு கிலோ சோளத்துக்கு 480, எண்ணெய்க்கு 150, காகிதக் குவளைகளுக்கு 240, நிற்கிற பையனுக்கு 800, குட்டியானைக்கு 600 என்று போக, கையில் நிற்பது 1,200 ரூபாய்ச் சொச்சம். வெறும் மெஷினை மட்டும் ஒருநாள் வாடகைக்கு விட்டாலும் அதே 1,200 கிடைக்கும். சோளம் வாங்க வேண்டாம், பையனைத் தேட வேண்டாம், இரவு பதினொரு மணிக்கு மண்டப வாசலில் வண்டிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். தாளில் பார்த்தால் இரண்டாவது வழிதான் புத்திசாலித்தனமாகத் தோன்றும்.

அந்த ஆண்டு தை மாதத்தில் ஒரு விழா ஏற்பாட்டாளர், 2,000 ரூபாய் முன்பணம் கட்டி மெஷினை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் திரும்பி வந்தது. கண்ணாடிப் பெட்டி பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது, உள்ளே சோளம் பொரிகிற சட்டியும் புதிதுபோல் இருந்தது. எங்களுக்கு மகிழ்ச்சி. பிளக்கைச் செருகிய கணமே வீட்டு ஃப்யூஸ் போய்விட்டது. விசாரித்தால், மண்டபத்துச் சமையற்கட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்மணி அந்தச் சட்டியைக் கொக்கியிலிருந்து கழற்றி, அடியில் ஹீட்டர் இருப்பது தெரியாமல், இரவெல்லாம் அண்டாவில் ஊறப்போட்டு, காலையில் தேங்காய் நார் போட்டுத் தேய்த்திருக்கிறார். அவர் மேல் நான் எப்படிக் கோபப்படுவேன்? பாத்திரம் என்று நினைத்தார், பாத்திரத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். அந்தச் சட்டி சூடு ஆறிய பிறகு எண்ணெய்த்துணியால் துடைக்கப்பட வேண்டியது, தண்ணீரில் இறங்கவே கூடாதது என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. பழுது பார்க்க 4,500 ரூபாய் ஆனது; அதைவிட, உதிரிப்பாகம் வந்து சேரும் வரை மூன்று முகூர்த்தங்களுக்கு வாங்கியிருந்த அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்ததுதான் வலித்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டை விட்டு எந்த மெஷினும் தனியாகப் போனதில்லை.

இதை ஒரு விபத்து என்று செந்தில் தள்ளிவிடக்கூடும். ஆகையால் மெஷின் பக்கத்தில் நிற்கிறவன் உண்மையில் என்ன செய்கிறான் என்பதையும் கொஞ்சம் எழுதுகிறேன். பாப்கார்ன் சோளம் வேறு, நம் பெரம்பலூர்ப் பக்கத்தில் ஏக்கர் கணக்கில் விளைகிற மக்காச்சோளம் வேறு. அது பெரும்பாலும் கோழித்தீவனத்துக்குப் போவது, எவ்வளவு சூடாக்கினாலும் கருகுமே தவிரப் பூக்காது. ஒருமுறை ஒரு மாப்பிள்ளை வீட்டார் தங்கள் வயலில் விளைந்ததென்று ஆசையாக அரை மூட்டை கொண்டுவந்து இறக்க, என் தம்பி அதை மறுப்பதற்குப் பட்ட பாடு தனிக்கதை. பொரியும் சோளத்துக்குத் தோல் கெட்டியாக இருக்க வேண்டும், உள்ளே ஏறத்தாழ 14 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும். சூடு 180 டிகிரியை எட்டும்போது அந்த ஈரம் ஆவியாகித் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதுதான் நாம் கேட்கிற அந்தப் பொட்டுச் சத்தம். சித்திரை வெயிலில் மூட்டையைத் திறந்து வைத்துவிட்டால் ஈரம் வற்றிச் சட்டியடியில் பாதிக்குப் பாதி கல்லாகவே கிடக்கும். அப்போது ஜாடியில் போட்டுச் சிறிது தண்ணீர் தெளித்து, மூடிக் குலுக்கி, இரண்டு மூன்று நாள் வைத்தால் சோளம் மறுபடி உயிர் பெறும். பொரிகிற சத்தத்துக்கு இடையில் இரண்டு மூன்று நொடி இடைவெளி விழும்போது சட்டியைக் கவிழ்த்துவிட வேண்டும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றால் கருகல் நாற்றம் மேடை வரை போய்விடும்.

பஞ்சு மிட்டாய் இதைவிடப் பிடிவாதமானது. நடுவில் சுழல்கிற தலையில் சர்க்கரை உருகி, சிறு துளைகள் வழியே வெளியே வீசப்பட்டு, காற்றில் பட்டவுடன் இறுகி நூலாகிறது. அந்த நூலுக்கு ஈரக்காற்று ஆகாது. ஐப்பசி அடைமழையில் காவிரிக்கரை மண்டபம் ஒன்றில், குச்சியில் சுற்றிய பஞ்சு, குழந்தை வாங்கித் தன் அம்மாவிடம் காட்டப் போவதற்குள் சுருங்கிச் சிவந்த கோந்தாகிப்போனதைப் பார்த்த பிறகு, மழை மாதங்களில் அதை ஒப்புக்கொள்வதையே நிறுத்திவிட்டோம். இன்னொன்று, ஒரு குச்சிக்கு ஒரு நிமிடமாவது பிடிக்கும். ஆக 200 குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். ஐந்நூறு பேருக்கு ஒரு மெஷின் போதும் என்று மண்டபக்காரர் சொன்னால் செந்தில் தலையாட்டிவிடக் கூடாது. வரிசையில் நிற்கிற குழந்தைகள் அழுவதற்குத் திட்டு வாங்குவது மெஷின்காரன்தான்.

'சிவந்த' என்று எழுதினேன் அல்லவா, இனி அந்த நிறம் எங்களிடம் கிடையாது. 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருப்பது பரிசோதனையில் தெரிந்து தடை வந்தது உனக்கு நினைவிருக்கும். நாங்கள் அதுவரை ஒரு கடையில் வாங்கிக்கொண்டிருந்த பொட்டலத்தை அன்றிரவு விளக்கடியில் வைத்துப் புரட்டிப் பார்த்தேன்: நிறம் என்னவென்றோ, யார் செய்ததென்றோ ஓர் எழுத்தும் இல்லை. எத்தனை வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கத் துணிவில்லாமல் எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தேன். அன்றிலிருந்து வெறும் வெள்ளைச் சர்க்கரைதான். முதல் சில மாதங்கள் குழந்தைகள் 'ஏன் ரோஸ் கலர் இல்லை?' என்று கேட்டார்கள். பெற்றோர்கள்தாம் எங்களுக்காகப் பதில் சொன்னார்கள். இதையும் செந்தில் யோசிக்க வேண்டும். மெஷினை மட்டும் வாடகைக்கு வாங்கிப் போகிறவர் அதில் எந்தச் சாயத்தைப் போடுகிறார் என்பது அவனுக்குத் தெரியாது. ஆனால் மெஷின் மேல் ஒட்டியிருப்பது அவனுடைய பெயரும் கைப்பேசி எண்ணும்.

ஐஸ் கோலாவும் அப்படியே. சாப்பிடுவதற்கல்லாத பனிக்கட்டியை நீல நிறத்தில்தான் செய்ய வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் உத்தரவிட்டது, ஆனாலும் மீன் ஏற்றுவதற்கென்று வெள்ளையாகவே விற்கப்படும் கட்டிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குடிநீரில் உறைய வைத்த கட்டியை எங்கிருந்து வாங்குவது என்று உறுதியாகத் தெரியும் வரை அந்த மெஷினை அவன் வாங்கவே வேண்டாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது மட்டும் முதல் நாளே ஆக வேண்டிய காரியம். நான் பதிந்தபோது ஆண்டுக்கு நூறு ரூபாய்தான் கட்டணம். வரி விஷயத்துக்கு ஒரு கணக்காளரைப் பார்க்கச் சொல். 2024 டிசம்பரில் பாப்கார்னில் உப்பும் காரமும் போட்டு அப்படியே விற்றால் ஒரு வரி, பொட்டலம் கட்டிப் பெயர் அச்சிட்டால் ஒரு வரி, சர்க்கரைப் பாகு பூசினால் வேறொரு வரி என்று ஜிஎஸ்டி மன்றம் விளக்கிய பிறகு, என் தம்பி பாகு பூசுகிற எண்ணத்தையே விட்டுவிட்டான்.

மின்சாரத்தை எழுதாமல் விட்டால் கடிதம் முடியாது. எங்கள் பெரிய பாப்கார்ன் மெஷின் 1,400 வாட் இழுக்கிறது, பஞ்சு மிட்டாய் மெஷின் ஆயிரத்தைத் தாண்டுகிறது. பல மண்டபங்களில் 15 ஆம்பியர் பிளக் சமையற்கட்டில்தான் இருக்கும். வாசலில் ஸ்டால் போடச் சொல்லிவிட்டு, மேடை விளக்கு ஓடுகிற அதே வயரிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நீட்டுவார்கள். தாலி கட்டிய மறுநிமிடம் மண்டபமே இருண்டுபோன ஒரு காலைப்பொழுதுக்கு நாங்கள் காரணமாயிருந்திருக்கிறோம். அதனால் இப்போதெல்லாம் முதல் நாளே தம்பி போய் பிளக்கையும் எர்த்தையும் பார்த்துவிட்டு வருகிறான். வாடகைக்கு வாங்கிப் போகிறவர் இதைச் செய்வார் என்று நீ நம்புகிறாயா?

உன் மருமகள் பல் மருத்துவர் ஆயிற்றே, அவளுக்கு ஒரு செய்தி: பஞ்சு மிட்டாய் மெஷினை 1897இல் உருவாக்கிய இருவரில் ஒருவர் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துப் பல் மருத்துவர் வில்லியம் மாரிசன். மற்றவர் ஜான் வார்ட்டன் என்ற மிட்டாய்க்காரர். 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் பெட்டி 25 சென்ட் என்று 68,000க்கும் மேற்பட்ட பெட்டிகள் விற்றார்களாம். பாப்கார்ன் மெஷினைச் செய்த சிகாகோக்காரர் சார்லஸ் கிரெட்டர்ஸ் முதலில் கடலை வறுக்கிறவர். தன் நீராவி வண்டியில் பொம்மைக் கோமாளி ஒன்றைப் பொருத்தி, அது கடலை உருளையைச் சுற்றுவதுபோல் காட்டியே கூட்டத்தைச் சேர்த்தார். மெஷின் தானாக ஓடினாலும் அதன் பக்கத்தில் ஒருவன் நிற்பதுபோல் தெரிய வேண்டும் என்பது அந்த மனிதருக்கு அன்றைக்கே விளங்கியிருக்கிறது. எங்களிடம் வேலை செய்கிற பையன் முருகேசன் நிற்கிற ஸ்டாலில் கூட்டம் நெரிவதும், அவன் வராத நாளில் அதே மெஷின் அனாதையாக நிற்பதும் எனக்கும் வெகுநாள் புரியாமல்தான் இருந்தது. அவன் ஒவ்வொரு குழந்தையிடமும் பெயர் கேட்டுவிட்டுத்தான் குச்சியைச் சுற்றுவான்.

ஆகவே என் யோசனை இது. பத்து மெஷின் வேண்டாம். ஒரு பாப்கார்ன், ஒரு பஞ்சு மிட்டாய், இரண்டு நல்ல பையன்கள் என்று தொடங்கட்டும். நான்கு லட்சத்தில் ஒன்றுக்கு மேல் தொடக்கூடாது. மீதிப் பணத்தை ஓராண்டுக்கு உன் பெயரில் வங்கியில் போட்டுவை, அவன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. மார்கழியிலும் ஆடியிலும் கல்யாணம் இருக்காது என்பதால் பையன்களுக்கு அந்த மாதங்களில் என்ன கொடுப்பது என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். நாங்கள் பள்ளி ஆண்டுவிழாக்களையும் கோயில் திருவிழாக்களையும் பிடித்துத்தான் முருகேசனை இத்தனை நாள் தக்கவைத்திருக்கிறோம்.

மற்ற செய்திகள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தம்பி மகளுக்கு வரன் பார்க்கிறோம். அவளுடைய வரவேற்புக்கு ஸ்டால் நாம் போடவேண்டாம், வெளியாளுக்குக் கொடுத்துவிடலாம் என்று தம்பி சொல்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆடி பிறந்ததும் மெஷின்களையெல்லாம் முற்றத்தில் பிரித்துப்போட்டு, எறும்பு ஏறிய இடங்களையும் இறுகிப்போன பாகையும் வெந்நீர் விட்டுச் சுத்தம் செய்வோம். செந்திலை ஒரு வாரம் இங்கே அனுப்பு, அல்லது நீயும் கூடவே வா. வரும்போது நைந்துபோன பருத்திப் புடவை இரண்டு எடுத்து வா. பஞ்சு மிட்டாய்த் தொட்டியைத் துடைக்க அதைவிட நல்ல துணி இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

அன்புடன்,
வசந்தா