வெண்பான்னு தலைப்பு போட்டா அது வெண்பாவா இருக்கணும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் கோட்டையூர்ல இருந்து எழுதுறேன், காரைக்குடிக்குப் பக்கம். எங்க அப்பச்சி காலத்துல இருந்து உங்க பேப்பர்தான் எங்க வீட்டுக்கு வருது, காலையில முகப்புத் திண்ணையில உக்காந்து படிச்சாத்தான் எனக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமை வர்ற கவிதைப் பக்கத்தை ஒரு வாரம் கூட விட்டதில்ல. அந்தப் பக்கத்தைப் பத்தித்தான் இந்தக் கடுதாசி, கொஞ்சம் நீளமாப் போகும், பொறுமையாப் படிக்கணும்னு கேட்டுக்கிறேன்.

நான் வீட்டுல பத்தாவது பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்குறேன். பரீட்சையில ஒரு குறளைக் குடுத்து அலகிட்டு, அதாவது ஒவ்வொரு சீரையும் அசை அசையாப் பிரிச்சு, அதோட வாய்பாட்டுப் பேரை எழுதச் சொல்லுவாங்க, அதுக்குத்தான் பாதிப் பேரு வருவாங்க. அதுல ஒரு பொண்ணு நல்லா எழுதும், சொந்தமா வெண்பா எழுதணும்னு அதுக்கு ரொம்ப ஆசை. போன மாசம் ஒரு பள்ளிக்கூடத்துல நடந்த மரபுக்கவிதைப் போட்டிக்கு எங்கிட்ட காட்டாம நேரா ஒண்ணு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கு, இது வெண்பாவே இல்லன்னு முதல் சுத்துலயே எடுத்து வச்சுட்டாங்க. அழுதுக்கிட்டே வந்துச்சு. எதைப் பாத்தும்மா எழுதுனேன்னு கேட்டா நோட்டுக்குள்ள இருந்து உங்க பேப்பர்ல வெட்டுன துண்டை எடுத்துக் காட்டுது, "ஆச்சி, பேப்பர்லயே வெண்பான்னு போட்டிருக்காங்கள்ல, அதே மாதிரிதான எழுதுனேன்"னு சொல்லுது. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல ஐயா.

மணமக்கள் வாழ்த்து அது, நாலு வரி. மேல 'வெண்பா'ன்னு தடிச்ச எழுத்துல போட்டிருந்தீங்க. எழுதினவங்க பேரை நான் இங்க சொல்லல, அவங்க மேல எனக்குக் குறையும் இல்ல. முதல் ரெண்டு வரி இப்படி:

வாழ்க மணமக்கள் பல்லாண்டு வாழ்க
வையம் போற்றிட வளமுடன் வாழ்க

அந்தப் பொண்ணையும் உக்கார வச்சு ரெண்டு பேருமா அலகிட்டுப் பாத்தோம். ஒரு அசை ஒத்தை எழுத்தா நின்னா நேர், குறில் முன்னாடி வர ரெண்டு எழுத்து சேர்ந்தா நிரை, புள்ளி எழுத்தை எண்ணுறதில்ல. ரெண்டு அசைச் சீர் நேர்ல முடிஞ்சா மா, நிரையில முடிஞ்சா விளம், மூணு அசைச் சீர் நேர்ல முடிஞ்சா காய். முதல் வரி அச்சு அசலா வெண்பா வரிதான், தப்பே சொல்ல முடியாது. வாழ்க தேமா, மாவுக்கு அடுத்து நிரை வரணும், மணமக்கள் நிரையிலதான் தொடங்குது. மணமக்கள் காய்ச்சீர், காய்க்கு அடுத்து நேர் வரணும், பல்லாண்டு நேர். அதுவும் காய், அடுத்த வாழ்கவும் நேர். எல்லாம் சரி. ரெண்டாவது வரிக்கு இறங்குறப்பதான் தடம் மாறுது. முதல் வரி வாழ்கன்னு மாவுல முடியுது, அடுத்தது நிரையில எடுக்கணும், ஆனா வையம்னு நேர்ல எடுத்திருக்கு. வையம் மாச்சீர், அதுக்கு அடுத்து போற்றிட, மறுபடியும் நேர். போற்றிட விளச்சீர், விளத்துக்கு அடுத்து நேர் வரணும், ஆனா வளமுடன் நிரை. ஒரே வரிக்குள்ள மூணு இடம். அப்புறம் கடைசி வரியில மூணு சீர்தான் இருக்கணும், அதுலயும் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்புங்கிற நாலு வாய்பாட்டுல ஒண்ணா இருக்கணும், நாலு வரி வெண்பாவுல மொத்தம் பதினஞ்சு சீர். இதுல பதினாறு இருக்கு, முடியுறது 'வாழ்கவே'ன்னு.

ஆனா ஐயா, இது மோசமான பாட்டு இல்ல. நாலு சீரா ஓடி ஏகாரத்துல முடியுது பாருங்க, அது ஆசிரியப்பாவோட நடை, அதையே அகவல்னும் சொல்லுவோம். எல்லா வரியும் நாலு சீரா இருந்தா நிலைமண்டில ஆசிரியப்பான்னு பேரு. அதாவது அவங்க எழுதினது சரியான அகவல், நீங்க போட்ட பேருதான் தப்பு. அகவல்னு போட்டிருந்தா அந்தப் பொண்ணு அகவல் கத்துக்கிட்டிருக்கும், போட்டியிலயும் அகவல்னே எழுதிக் குடுத்திருக்கும்.

நாலு வரி இருந்தா வெண்பா, சந்தத்தோட பாடுனா விருத்தம், மூணு வரியா உடைச்சா ஹைக்கூ, இப்படி ஒரு பழக்கம் எல்லா இடத்துலயும் வந்துடுச்சு. வரி எண்ணிக்கையை வச்சு வடிவத்தைக் கண்டுபிடிக்க முடியாது. காதுலதான் முதல்ல கேக்கணும், அதுக்கப்புறம்தான் அலகிட்டுப் பாக்கணும். வெண்பாவுக்கு செப்பலோசைன்னு பழைய ஆளுங்க பேரு வச்சிருக்காங்க, ஒருத்தர் எதிர்ல உக்காந்து சொல்ற மாதிரி. ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கூப்புட்டுச் சொல்ற மாதிரி. கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல். "கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக"ங்கிற ஒரு குறளை வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பாருங்க, கடைசியில 'தக'ன்னு டக்குனு நிக்குதுல்ல, அந்த நிப்புதான் வெண்பா. அது மலர்ங்கிற வாய்பாடு. என் பிள்ளைகளுக்கு நான் வாய்பாட்டை அப்புறம்தான் சொல்லித் தருவேன், முதல்ல இந்த நிப்பைக் கேக்க வைப்பேன்.

அகவலுக்கு எங்க பக்கத்துலயே இடம் இருக்கு. சிங்கம்புணரிக்கு அங்கிட்டு பிரான்மலை, அதுதான் பாரியோட பறம்பு மலை. பிள்ளைகளை ஒரு தடவை கூட்டிட்டுப் போயி அடிவாரத்துல நிக்க வச்சு பாரி மகளிர் பாட்டைச் சொல்ல வச்சேன், புறநானூறு 112. அஞ்சே வரிதான்.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

நாலாவது வரியைப் பாருங்க, மத்த வரி எல்லாம் நாலு சீர், அது மட்டும் மூணு சீர். கடைசிக்கு முந்தின வரி மூணு சீரா வந்தா நேரிசை ஆசிரியப்பா, இலக்கணம் அவ்வளவுதான். ஆனா அந்த இடத்துல வாய்விட்டுச் சொன்னாத்தான் தெரியும், 'வேந்தர் எம்'முன்னு சொல்றப்ப ஒரு சீர் இல்லாம மூச்சு முட்டி நிக்குது, நம்மளோட குன்று போச்சுன்னு சொல்ல வர்றதுக்கு முன்னாடி வாய் அடைச்சுப் போற மாதிரி. எங்கூட வந்த ஒரு பையன் அந்த இடத்துல நிறுத்திட்டான், அதுக்கு மேல சொல்ல வரல அவனுக்கு. வடிவம் தெரிஞ்சா பாட்டு எங்க வலிக்குதுன்னு தெரியும். அதுக்காகத்தான் இவ்வளவு சொல்றேன்.

விருத்தம்ங்கிற பேர்லயும் இதே குழப்பம்தான். கச்சேரியில தாளம் இல்லாம ராகமா ஒரு பாட்டை இழுத்துப் பாடுறதுக்கும் விருத்தம்னுதான் சொல்றோம், இலக்கணத்துல விருத்தம்னா அது வேற. நாலு வரி, நாலும் அளவொத்து வரணும், எதுகை, அதாவது ரெண்டாவது எழுத்து ஒத்து வர்றது, நாலுலயும் ஒண்ணா இருக்கணும். வரிக்கு நாலு சீர்னா கலிவிருத்தம், ஆறும் அதுக்கு மேலயும் போனா ஆசிரிய விருத்தம். காரைக்குடியில சா. கணேசன் ஐயா 1939ல கம்பன் கழகம் ஆரம்பிச்சு வச்சாங்க, பங்குனியில நடக்குற கம்பன் விழாவுல சின்னப் பிள்ளையில எங்க ஐயாவோட மடியில உக்காந்து கேட்டிருக்கேன். "உலகம் யாவையும்"னு எடுத்தாலே நாலு நாலு சீரா கலிவிருத்தம் அலை மாதிரி வந்து விழும், உலகம், நிலைபெ, அலகி, தலைவர்னு எதுகை தலையில தலையில இடிச்சுக்கிட்டு வரும். அங்க உக்காந்திருந்த பலபேருக்கு சீர் எண்ணத் தெரியாது, ஆனா ஒரு சீர் குறைஞ்சா முகம் சுளிக்கத் தெரியும்.

அபிராமி அந்தாதி பத்தி ஒண்ணு சொல்லணும். எங்க ஊர் ஆச்சிமார்ல நெறையப் பேருக்கு அது மனப்பாடம். அந்தாதிங்கிறதை ஒரு பாட்டு வடிவம்னு உங்க பக்கத்துல ஒரு தடவை போட்டிருந்தீங்க. அந்தாதி வந்து தொடுக்குற முறை, ஒரு பாட்டு முடிஞ்ச சொல்லுல அடுத்த பாட்டைத் தொடங்குறது, முதல் பாட்டு "விழுத்துணையே"ன்னு முடியும், ரெண்டாவது "துணையும்"னு தொடங்கும். பாட்டோட வடிவம் கட்டளைக் கலித்துறை. வரிக்கு அஞ்சு சீர், நேர்ல தொடங்குனா பதினாறு எழுத்து, நிரையில தொடங்குனா பதினேழு எழுத்து, புள்ளி வச்ச எழுத்தைக் கணக்குல சேக்கக் கூடாது. "உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்", எண்ணிப் பாருங்க, பதினேழு. "பூத்தவளே புவனம் பதினான்கையும் பூத்தவண்ணம்", பதினாறு. எங்க அப்பத்தா பள்ளிக்கூடமே போகாதவங்க, வளவுல உக்காந்து அரிசி புடைச்சுக்கிட்டே நூறையும் சொல்லுவாங்க, யாராச்சும் ஒரு சொல்லை மாத்திச் சொன்னா முறத்தை நிறுத்திட்டு "எங்கயோ இடிக்குதுடி"ம்பாங்க. அவங்க எந்த எழுத்தை எண்ணுனாங்க.

அதே அப்பத்தாதான் தாலாட்டும் பாடுவாங்க, எழவு வீட்டுல ஒப்பாரியும் வைப்பாங்க. ரெண்டுக்கும் ராகம் கிட்டக்கிட்ட இருக்கும், ஆனா மாறிப் போகாது. தாலாட்டுல யார் அடிச்சான்னு ஒரு கேள்வி, மாமன் அடிச்சாரா அத்தை அடிச்சாளான்னு முறை முறையாக் கேட்டு சொந்தத்தையே பிள்ளைக்கு அடையாளம் காட்டும். ஒப்பாரியில கேள்வி கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இருக்காது. இதையெல்லாம் 'நாட்டுப்புறப் பாடல்'னு ஒரே பேர்ல போட்டுடுறீங்க, அது எது எதுன்னு பிரிச்சுப் போட்டா எவ்வளவு நல்லாருக்கும்.

ஹைக்கூவை மட்டும் சொல்லி முடிச்சுக்கிறேன். பாரதியார் 1916லயே ஜப்பானியக் கவிதையைப் பத்தி எழுதிட்டார். அங்க அஞ்சு, ஏழு, அஞ்சுன்னு பதினேழு அசை கணக்கு, பருவத்தைக் காட்டுற ஒரு சொல்லும் இருக்கும், தமிழ்ல நாம அந்தக் கணக்கை வச்சுக்கல, சரி. ஆனா ரெண்டு காட்சி பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கணும், நடுவுல ஒரு வெட்டு இருக்கணும், கவிஞர் அறிவுரை சொல்லக் கூடாது. என் டியூஷன் பையன் ஒருத்தன் எழுதுனது:

பூட்டிய பெரிய வீடு
முகப்பில்
அணில் குடித்தனம்

எங்க ஊருல தெருவுக்குப் பாதி வீடு இப்படித்தான் கெடக்கு, அவன் ஒண்ணும் விளக்கல, அதனாலதான் அது ஹைக்கூ. "பெற்றோரை மதி, பெருமை உனக்கு, போற்றும் உலகு"ன்னு மூணா மடிச்சுப் போட்டா அது அறிவுரை, ஹைக்கூ ஆகாது. மனுசங்களைக் கிண்டல் பண்ணி மூணு வரியில எழுதுனா அதுக்கு சென்ரியுன்னு தனிப் பேரே இருக்கு. எந்த வடிவத்துலயும் அடங்காம நல்லா இருக்குற கவிதைக்கு வெறும் 'கவிதை'ன்னே போடுங்களேன், புதுக்கவிதைக்கு அதுல ஒரு குறைவும் இல்ல. சிவகங்கையில இருந்து கவிஞர் மீரா எழுதுன எழுத்துக்கு அலகிட்டா பாத்தோம்.

உங்ககிட்ட நான் கேக்குறது பெருசு இல்ல ஐயா. வெண்பா, விருத்தம்னு பேரு போடுறதுக்கு முன்னாடி அலகிடத் தெரிஞ்ச ஒருத்தர் கையில குடுத்துப் பாத்துட்டுப் போடுங்க, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மட்டுமே எத்தனையோ தமிழாசிரியர்கள் ஓய்வுல இருக்காங்க, ஆசையாப் பாத்துக் குடுப்பாங்க. வாரம் ஒரு வடிவம்னு ஒரு கால் பக்கம் ஒதுக்கி, ஒரு நல்ல பாட்டைப் போட்டு அதோட அங்க அடையாளத்தைச் சொன்னா என்னை மாதிரி சொல்லித் தர்றவங்களுக்குப் பெரிய உதவி. முக்கியமா, அந்த மணமக்கள் வாழ்த்து வெண்பா இல்ல, ஆசிரியப்பான்னு ஒரு திருத்தம் போடணும்.

அந்தப் பொண்ணும் நானும் அன்னைக்கே அந்த முதல் வரியை வச்சு ஒரு குறள் வெண்பாவா முடிச்சுப் பாத்தோம், ரெண்டாவது வரி முழுக்க அது சொன்னதுதான்:

வாழ்க மணமக்கள் பல்லாண்டு வாழ்க
நிழல்தரும் ஆலாய் நிலைத்து

நிலைத்துன்னு பிறப்பு வாய்பாட்டுல நின்னதும் அதுவே கையத் தட்டிக்கிச்சு. இப்ப அந்தப் பேப்பர் துண்டை நோட்டுல ஒட்டி அதுக்குக் கீழ இதை எழுதி வச்சிருக்கு, பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டு வச்சிருக்கு, உங்க திருத்தம் வந்ததும் வெட்டி ஒட்டுறதுக்கு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.