ஆர்கன் அங்கே சும்மா இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாவது ஆல்பத்தில் சறுக்கிய ராக் குழுக்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் கனடா நாட்டு ஆர்கேட் ஃபயர் குழுவின் 'நியான் பைபிள்' பெயரைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. தேவாலய ஆர்கன் வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து முதல் ஆல்பத்தின் நெருக்கத்தைக் கெடுத்துவிட்டனவாம். ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டார் கட்டுரையாளர்.

2004இல் வந்த அந்த முதல் ஆல்பம் 'ஃப்யூனரல்' அருமையானதுதான், யார் இல்லை என்றது? அதே பாணியில் இன்னொன்று போட்டிருந்தாலும் கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் இவர்கள் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஃபார்ன்ஹம் என்ற சிற்றூரில் ஒரு பழைய தேவாலயத்தை வாங்கி ஸ்டுடியோவாக்கி, மான்ட்ரியாலில் இன்னொரு தேவாலயத்தின் பிரமாண்டமான குழல் ஆர்கனை வாசித்து, போதாததற்குப் புடாபெஸ்ட் வரை போய் ஆர்க்கெஸ்ட்ராவையும் ஆண்கள் பாடகர் குழுவையும் பதிவு செய்து வந்தார்கள். 2007 மார்ச்சில் வெளியாகிக் கனடாவில் முதலிடம், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இரண்டாமிடம். ஆக, விற்பனையில் சறுக்கல் இல்லை.

சரி, இசையில்? 'இன்டர்வென்ஷன்' பாட்டைக் கேளுங்கள். தேவாலயத்துக்கு உழைத்து உழைத்தே குடும்பத்தைக் கோட்டை விட்டவனைப் பற்றிய பாட்டு அது. அதைத் தேவாலய ஆர்கனில் வாசிக்காமல் வேறு எதில் வாசிப்பது? குற்றவாளிக் கூண்டில் நிற்பதே அந்த ஆர்கன்தானே! ஈராக் போர் நடந்துகொண்டிருந்த நாட்களில், மதமும் டிவியும் போரும் ஒன்றோடொன்று கைகோத்துத் திரிந்ததைப் பாடும் ஆல்பத்துக்கு அந்த இரைச்சல் வேண்டியிருந்தது.

எல்லாமே பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. சில இடங்களில் பாடகர் வின் பட்லரின் குரல் வாத்தியங்களுக்கு அடியில் அமுங்கிப் போகிறது. 'நோ கார்ஸ் கோ' அவர்களுடைய 2003 இ.பி.யிலேயே (சில பாட்டுகள் மட்டும் கொண்ட குறும் ஆல்பம்) வந்த பாட்டு, அந்தப் பழைய முரட்டுப் பதிவுதான் எனக்கு இன்றும் பிடிக்கும், 'நியான் பைபிள்' ஆல்பத்தில் மறுபடி பதிவு செய்தபோது கோரஸைக் கொஞ்சம் அதிகமாகவே கொட்டிவிட்டார்கள். ஆனால் 'ஆன்டிகிரைஸ்ட் டெலிவிஷன் ப்ளூஸ்' பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லையே, அதுதான் ஆற மாட்டேன் என்கிறது. மகளை மேடையேற்றிப் பிரபலமாக்க வேண்டும் என்று கடவுளிடம் மன்றாடும் அப்பன், அவன் பேசப் பேச அது பக்தியா பேராசையா என்று நமக்கே குழம்புகிறது. அப்புறம் படாரென்று பாட்டு அறுந்துவிடுகிறது.

இனி ஓர் ஆல்பம் சறுக்கியது என்று எழுதினால், எந்தப் பாட்டில், எந்த இடத்தில் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி