மூச்சு எண்ணிக்கை: செப்டம்பர் 17 சந்திப்பு

நம் செவிலியர் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். உலக நோயாளர் பாதுகாப்பு நாளான செப்டம்பர் 17 அன்று மாலை 5 மணிக்குப் பாளையங்கோட்டை சமாதானபுரத்தில், மூத்த அக்கா ஒருவரின் வீட்டு மாடியில் கூடுகிறோம்.

நான் முன்பு பணியாற்றிய வார்டில், இரவு முழுவதும் மூச்சு நிமிடத்துக்கு 20 என்றே எழுதப்பட்டிருந்த ஒரு பெரியவரின் மார்பைப் பார்த்து முழு நிமிடம் எண்ணியபோது 32 வந்தது. இரத்த ஆக்சிஜன் அளவு 95% எனக் காட்டியதால் அதுவரை யாரும் ஐயப்படவில்லை. இரத்த அழுத்தம் சரிவதற்கு முன்பே பெரும்பாலும் மூச்சு வேகம் கூடிவிடும் என்று படித்த நாமே எண்ணாமல் எழுதுவது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

1. மூச்சை 60 விநாடி எண்ணியே எழுதுங்கள்.
2. வயது வந்தவர்களுக்கு மூச்சு நிமிடத்துக்கு 25-ஐத் தொட்டால் மருத்துவரிடம் உடனே தெரிவித்து, தெரிவித்த நேரத்தையும் குறியுங்கள்.
3. நோயாளியின் பெயரோ படுக்கை எண்ணோ இல்லாமல், உங்கள் அனுபவம் ஒன்றை எழுதிக் கொண்டு வாருங்கள்.

வருகையை 15ஆம் தேதிக்குள் இங்கே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இரவுப் பணி உள்ளவர்கள் அதையும் குறிப்பிடுங்கள்.